அந்தரங்க உறுப்பில் வரும் பரு எல்லாம் பால்வினை நோயா?

கேள்வி கேட்டவருக்கு 26 வயது. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஏழு மாதங்களுக்கு முன் ஒரே ஒரு முறை, காண்டம் இல்லாமல், ஒருவருடன் உறவு வைத்திருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் குளிக்கும்போது ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கள் இருப்பதைப் பார்த்தாராம். வலி இல்லை, அரிப்பு இல்லை. இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு இது பால்வினை மருதான் என்று முடிவு கட்டிவிட்டார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை மூன்று வாரமாகப் போட்டதில் இப்போது தோல் சிவந்து எரிகிறது. "இது என்ன நோய்? கல்யாணத்தை நிறுத்திவிடவா?" என்று கேட்கிறார்.

தம்பி, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். அந்தக் களிம்பை இன்றைக்கே நிறுத்துங்கள்.

நான் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர். இதே கேள்வியோடு வருபவர்களை ஏறக்குறைய வாராவாரம் பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் பல மாதங்கள் தூக்கம் கெட்ட பிறகுதான் கதவைத் திறந்து உள்ளே வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. இந்தப் பரு என்ன என்பது ஒன்று. அந்த ஒரு நாளில் எனக்கு ஏதாவது தொற்றியிருக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பரிசோதனைதான் பதில் சொல்லும். ஒரு பரு கூட இல்லாதவருக்குத் தொற்று இருக்கலாம். பரு நிறைய உள்ளவருக்குத் தொற்றே இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி பயம் குறைந்துவிடும்.

பருவை முதலில் பார்ப்போம். மொட்டின் விளிம்பை ஒட்டி, மாலை கோத்தாற்போல ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவு. தோல் நிறம் அல்லது வெண்மை. இப்படி வர்ணித்தால் எங்கள் துறையில் யாரும் முதலில் நினைப்பது 'பியர்லி பெனைல் பாப்யூல்ஸ்' என்பதைத்தான். முத்துப் பருக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கிருமி எதுவும் கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நார்த்திசுவும் சேர்ந்த சிறு மேடு, அவ்வளவுதான். பருவ வயதுக்குப் பிறகு தோன்றும், இருபதுகளில் தெளிவாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். இளம் ஆண்களில் 100-க்கு 14 முதல் 48 பேர் வரை இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகளில் எண்ணியிருக்கிறார்கள். உறவே கொள்ளாதவருக்கும் இருக்கும். மனைவிக்குத் தொற்றாது. அழுக்கினால் வருவது இல்லை என்பதால் தேய்த்துக் கழுவினாலும் போகாது. சிகிச்சையும் தேவையில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்று லேசர் வைத்து எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அதற்கு அவசியமே இல்லை.

"இரண்டு மாதத்துக்கு முன்னால்தானே வந்தது?" என்கிறீர்கள். அநேகமாக அது நீங்கள் கவனித்த நாளாக இருக்கும். மனத்தில் ஒரு உறுத்தல் இருக்கும்போதுதான் அந்த இடத்தை டார்ச் அடித்து, கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். பதினாறு வயதிலிருந்தே இருந்த பரு அன்றைக்குத்தான் கண்ணில் படும். என்னிடம் வருபவர்களில் பலர் இப்படித்தான்.

மருவையும் இதையும் எப்படிப் பிரிப்பது? நான் முதலில் பார்ப்பது ஒழுங்கு இருக்கிறதா என்பதை. முத்துப் பருக்கள் அளவெடுத்து வைத்ததுபோல் ஒரே சீராக, விளிம்பை மட்டும் ஒட்டி நிற்கும். மருவுக்கு அந்த ஒழுங்கு வராது. மொட்டில் ஒன்று, தண்டில் இரண்டு, முன்தோலின் உள்பக்கம் ஒன்று, ஆசனவாய் ஓரத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். ஒன்று கடுகளவு, இன்னொன்று மிளகளவு. மேற்பரப்பு காலிஃபிளவர் பூப்போலச் சொரசொரப்பாக இருக்கும், சில சமயம் தட்டையாகவும் இருக்கும். அடுத்து நான் கேட்பது, மாறுகிறதா என்று. மரு வாரக்கணக்கில் வளரும், புதிதாகவும் முளைக்கும். முத்துப் பரு போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். இன்று ஒரு முறை பாருங்கள், நான்கு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள். நடுவில் பார்க்காதீர்கள். தினமும் ஐந்து தடவை பார்ப்பவருக்கு எல்லாமே வளர்வதுபோலத்தான் தெரியும்.

ஆபத்தில்லாத மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கும். ஆண்குறியின் தண்டிலும் விதைப்பையிலும், பெண்களுக்கு உள்ளுதடுகளிலும், தோலை இழுத்துப் பிடித்தால் வெண்மஞ்சளாகப் புள்ளி புள்ளியாகத் தெரிபவை ஃபோர்டைஸ் புள்ளிகள். முடியோடு சேர்ந்திருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் முடி இல்லாத இடத்தில் தனியாக இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. கண்ணாடியில் உங்கள் மேலுதட்டின் ஓரத்தைப் பாருங்கள், அங்கேயும் இதே புள்ளிகள் இருக்கலாம். 1896-ல் இவற்றை விவரித்த ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரின் பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. விதைப்பையில் கருஞ்சிவப்பாக, குண்டூசித் தலை அளவில் வரும் ரத்தக் குழாய்ப் புள்ளிகள் அவை. நடுத்தர வயதுக்கு மேல் சகஜம். சொறிந்தால் ரத்தம் கசியும், பார்த்தவர் பயந்துபோவார். இதுவும் ஆபத்தில்லாததுதான். ஆனால் சின்ன வயதிலேயே தொப்புளிலிருந்து தொடை வரை கூட்டமாக வந்து, கை கால் எரிச்சலும் இருந்தால் ஃபேப்ரி என்ற அரிய பரம்பரை நோயாக இருக்கலாம் என்பதால் காட்டிவிட வேண்டும்.

மொட்டின் அடியில் முன்தோலைப் பிடித்திருக்கும் நரம்புபோன்ற மடிப்பின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு மேடுகளும் இயல்பானவைதான். விதைப்பையில் கெட்டியாக, வெள்ளையாக, பட்டாணி அளவுக்கு உருளும் கட்டிகள் பெரும்பாலும் தோல் நீர்க்கட்டிகள். பிதுக்கினால் சீழ் பிடிக்கும், விட்டுவிட்டால் வருடக்கணக்கில் சும்மா இருக்கும்.

சவரம் செய்யும் பழக்கம் இருப்பவர்களுக்கு வரும் பருக்கள் தனி வகை. ரேசர் போட்டு இரண்டு மூன்று நாளில், முடிக்காலை ஒட்டிச் சிவந்து, நடுவில் ஒரு முடியோடு, சில சமயம் சீழ் முனையோடு வரும். முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்துவிடுவதுதான் காரணம். இதற்கு மருந்தைவிட, ரேசரை ஒரு மாதம் தள்ளி வைப்பது நன்றாக வேலை செய்யும். முடியை அடியோடு மழிப்பதற்குப் பதிலாகக் கத்தரியால் குட்டையாக வெட்டினாலே போதும்.

பெண்களுக்கும் முத்துப் பரு போன்ற ஒன்று உண்டு. யோனி வாயின் உள்பக்கத்தில், இரு பக்கமும் சமமாக, மென்மையான விரல் நுனிகள் போல வரிசையாக இருக்கும். வெஸ்டிபுலர் பாபில்லோமட்டோசிஸ் என்பது அதன் பெயர். ஒவ்வொரு நுனிக்கும் தனித்தனி அடி இருக்கும். மருவாக இருந்தால் பல முனைகள் ஒரே அடியிலிருந்து கிளைத்து வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மரு என்று சுட்டுவிட்டு, மாதக்கணக்கில் எரிச்சலோடு அவதிப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் இப்படி ஒரு தேவையில்லாத சிகிச்சையை அனுபவிப்பதோடு, வீட்டில் சந்தேகப் பார்வையையும் சேர்த்துச் சுமக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. சுடுவது, எரிப்பது என்று யாராவது சொன்னால், முதலில் இது மருதான் என்று எப்படி உறுதிசெய்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும், யோனி வாயின் கீழ்ப்பகுதியில் கோலிக்குண்டு போல் ஒரு வீக்கம் வந்தால் அது பார்த்தோலின் சுரப்பி அடைத்துக்கொண்டதாக இருக்கும். வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே காட்டுங்கள்.

அடுத்து, பால்வினை நோய் இல்லை, ஆனால் சிகிச்சை வேண்டும் என்ற வகை. நம் ஊரில் இதுதான் அதிகம். சிரங்குப் பூச்சி ஆண்குறியிலும் விதைப்பையிலும் அரிக்கும் கட்டிகளை உண்டாக்கும். இரவில் அரிப்பு கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் அரிக்கும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருப்பார்கள். உறவின் வழியாகவும் பரவும், ஒரே பாயில் படுத்தாலும் பரவும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் போகாது. சரியாகப் பூசிய பிறகும் அந்தக் கட்டிகள் சில வாரம் அரித்துக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம்.

முன்தோலில் வெடிப்பு, மொட்டில் சிவப்பு, தயிர்போல வெள்ளைப் படிவு என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது சர்க்கரை பார்த்தீர்களா என்றுதான். பூஞ்சைத் தொற்று அது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்த வெடிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது என்பவர்கள் ஏராளம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இது அடிக்கடி வரும். "நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே டாக்டர்" என்று அழுத ஐம்பது வயதுக்காரருக்கு, ஐயா இது தப்பினால் வந்தது இல்லை, சர்க்கரையால் வந்தது என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வயிற்றுப்போக்குக்கோ உடல்வலிக்கோ ஒரு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில், அல்லது மறுநாள், மொட்டில் வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடிப்பு வந்து, கொப்புளித்துப் புண்ணாகி, ஆறிய பிறகு கரும்படலமாக நின்றுவிடும். உதட்டிலும் வரலாம். அடுத்த முறை அதே மாத்திரை போட்டால் அதே இடத்தில் திரும்ப வரும். இது மருந்து ஒவ்வாமை. கோட்ரைமாக்சசோல், டினிடசோல், ஆர்னிடசோல், நார்ஃபிளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின், வலி மாத்திரைகள் என்று பலவும் செய்யும். பால்வினைப் புண் என்று நினைத்து மறுபடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி உண்மையான பால்வினை நோய்கள்.

மருவுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பால்வினை மருக்களில் சுமார் 90 சதவீதம் 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருபவை. கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை முக்கியமாக 16, 18 என்ற வேறு வகைகள். அதனால் மரு வந்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஒரே சமயத்தில் பல வகைகள் இருக்கலாம் என்பதால், பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையை முறையாகச் செய்துகொள்ள வேண்டும். மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். தொற்றியதிலிருந்து மரு வெளியே தெரிய மூன்று வாரம் முதல் எட்டு மாதம் வரை ஆகலாம், சிலருக்கு இன்னும் தாமதமாகும். காண்டம் ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலிருந்தும் தொற்றும். உறைய வைத்தல், கரண்ட் வைத்துச் சுடுதல், போடோஃபிலோடாக்சின், இமிக்விமாட் போன்ற பூச்சு மருந்துகள் என்று சிகிச்சைகள் உண்டு. சில மாதங்களில் திரும்ப வருவதும் உண்டு, அதற்காகத் தளர்ந்துவிடக் கூடாது. தடுப்பூசி இருக்கிறது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கக்கூடியது. உறவு தொடங்குவதற்கு முந்தைய வயதில் போட்டால்தான் முழுப் பயன். ஏற்கனவே வந்த மருவை அது போக்காது.

இங்கே ஒரு வேண்டுகோள். கையில் வரும் மருவுக்குச் சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைப்பது, முடியைக் கட்டி அறுப்பது எல்லாம் ஊரில் நடப்பதுதான். அதை இந்த இடத்தில் செய்து, வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். கால் ஆணிக்கு விற்கும் அமில மருந்தும் இங்கே ஆகாது. வினிகர் ஊற்றி வெள்ளையாகிறதா என்று வீட்டில் சோதிப்பதும் வேண்டாம். சாதாரண எரிச்சல் உள்ள தோலும் அதில் வெளுக்கும்.

பாலுண்ணி வேறு. மொலஸ்கம் என்போம். மெழுகுபோல் பளபளக்கும் உருண்டை, நடுவில் தொப்புள்போல ஒரு குழி. குழந்தைகளுக்கு முகத்திலும் உடம்பிலும் சாதாரணமாக வரும். பெரியவர்களுக்கு அடிவயிறு, தொடை, பிறப்புறுப்பில் வந்தால் பெரும்பாலும் உறவின் வழியாக வந்திருக்கும். பல மாதங்களில் தானாகவே போய்விடும், மருத்துவர் எளிதாக எடுத்தும் விடலாம். பெரியவர் ஒருவருக்கு முகமெல்லாம் நிறைய வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம் செய்ய வேண்டும்.

ஹெர்பிஸ் என்ற வைரஸ் நோய் பருவாக நிற்காது. தொற்றிய இரண்டு முதல் பன்னிரண்டு நாட்களில் அந்த இடம் சுருக்கென்று எரியும், திராட்சைக் கொத்துபோல் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வரும், ஓரிரு நாளில் உடைந்து வலிக்கும் புண்ணாகும். முதல் முறை காய்ச்சலும், தொடை இடுக்கில் நெறி கட்டுவதும், சிறுநீர் போகும்போது உயிர் போகும் எரிச்சலும் சேர்ந்து வரலாம். பிறகு அவ்வப்போது திரும்ப வரும், ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகும். இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு நாளைக் கடத்துபவர்கள் உண்டு. அக்கியும் இதே குடும்பத்து வைரஸால் வருவதுதான், ஆனால் அது வேறு வைரஸ். பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு முக்கியக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இரண்டாம் வகைத் தொற்று உலகில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 49 கோடிப் பேருக்கு இருப்பதாக 2016-க்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு சொல்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் வந்தவுடன் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். அதனால் புண் புதிதாக இருக்கும்போதே வாருங்கள். கர்ப்பிணிகள், முன்பு வந்திருந்தாலும், பிரசவ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது வலிக்கும் புண்ணைப் பார்த்து அல்ல, வலிக்காத புண்ணைப் பார்த்துத்தான். சிபிலிஸ், அதாவது நம் ஊரில் மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் சொல்லிவந்த நோய், தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், ஒரே ஒரு புண்ணாக வரும். விளிம்பு பொத்தான்போல் கெட்டியாக இருக்கும். வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமல் ஆறிவிடும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம். பூசிய களிம்பு வேலை செய்தது என்று நினைத்துவிடுவார்கள். கிருமி ரத்தத்தில் இருக்கும். சில வாரம், சில மாதம் கழித்து உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பில்லாத செம்புள்ளிகள், வாயில் வெண்திட்டு, பிறப்புறுப்பில் தட்டையான ஈரமான மேடுகள் என்று திரும்ப வரும். அந்த மேடுகளை மரு என்று நினைத்துச் சுட்டுவிடும் தவறும் நடக்கிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் வருடங்கள் கழித்து இதயம், மூளை வரை போகும். கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். இத்தனைக்கும் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஒரே முறை போட்டாலே குணமாகிவிடும். பழைய மருந்து, விலையும் குறைவு, இன்றும் இதைவிடச் சிறந்தது கிடையாது.

வலியில்லாத புண் விஷயத்தில் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1905-ல் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர்தான், தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும் வலியில்லாமல் பரவும் இன்னொரு புண்ணின் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். டோனவனோசிஸ் என்று அவர் பெயரிலேயே அந்த நோய் வழங்குகிறது. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையோர மாவட்டங்களில் பார்த்த நோய், இன்று அரிது.

எந்தப் புண்ணாக இருந்தாலும் மூன்று நான்கு வாரத்தில் ஆறாவிட்டால் திசுப் பரிசோதனை வேண்டும். முக்கியமாக, முன்தோலைப் பின்னால் இழுக்க முடியாத, வயதான ஆண்களுக்கு. அங்கே நாம் பார்க்க வேண்டியது புற்றுநோய் இருக்கிறதா என்று.

அப்புறம், எதுவுமே வெளியே தெரியாத நோய்கள். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இரண்டும் தோலில் பருவாக வந்து தகவல் சொல்வதில்லை. வெட்டை நோயும் (கொனோரியா) கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றும் ஆண்களுக்கு நீர்க்கடுப்பு, சீழ் என்று காட்டலாம். பெண்கள் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அதனால்தான் இரண்டாவது கேள்வியைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். உங்கள் பருக்கள் ஆபத்தில்லாதவை என்று நாளைக்கே தெரிந்தாலும், ஏழு மாதத்துக்கு முந்தைய அந்த நாளுக்குப் பரிசோதனை பாக்கி இருக்கிறது.

இதற்கு உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் மூன்று மாதம் தாண்டிவிட்டால் ரத்தப் பரிசோதனை தெளிவான பதிலைத் தரும். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வேறு உறவு இல்லை என்றால் ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும், எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை), ஹெபடைடிஸ் பி மூன்றையும் கேளுங்கள். கூடவே வெட்டை, கிளமிடியாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய முடிந்தால் செய்துகொள்ளுங்கள். ஹெர்பிஸுக்கு மட்டும், புண் எதுவும் வராதபோது ரத்தப் பரிசோதனை வேண்டாம். அது தரும் விடையைவிடக் குழப்பம்தான் அதிகம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரைகளை அந்த நேரத்துக்குள்தான் தொடங்க முடியும்.

எங்கே போவது? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர், பால்வினை நோய்ச் சிகிச்சைக்குச் சுகவாழ்வு மையம். இரண்டும் இலவசம். எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். தனியாரிடம் போவதாக இருந்தால் தோல் மற்றும் பால்வினை நோய் படித்த மருத்துவரிடம் போங்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் போய்விடாதீர்கள். அவர்கள் சாதாரண முத்துப் பருவைக் காட்டியே ஆயிரக்கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். வெட்கத்தால் ஏமாந்தவர் யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியையும் தொட்டாக வேண்டும். திருமணமான தம்பதி வந்து, ஒருவருக்கு மருவோ ஹெர்பிஸோ இருந்தால், அறையில் காற்றே நின்றுவிடும். இந்த இரண்டு வைரஸும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியவை. இன்று வந்த மருவை வைத்து, எப்போது, யாரிடமிருந்து என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதை வைத்து ஒரு குடும்பத்தை உடைக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

இனி உங்கள் களிம்பு. கடையில் கேட்டவுடன் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்தது. முதல் சில நாள் எரிச்சல் அடங்கும். பிறகு அந்த இடத்து மெல்லிய தோல் இன்னும் மெலிந்து, சிவந்து எரியும். படர்தாமரை இருந்தால் அடங்குவதுபோல் காட்டிவிட்டுத் தொடை முழுக்கப் பரவும். நோயின் உருவத்தையே மாற்றிவிடுவதால் எங்களுக்கும் கண்டுபிடிப்பது சிரமமாகிறது. நிறுத்திய முதல் வாரம் எரிச்சல் கொஞ்சம் கூடலாம், அதற்காக மறுபடி எடுத்துப் பூசாதீர்கள். சோப்பு, கிருமிநாசினி எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் களிம்பின் டியூப்பையும் எடுத்துப் போங்கள்.

உங்களுக்கு நிச்சயமான பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் ரத்தம் கொடுங்கள், பருவைக் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், முத்துப் பருவைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏதாவது இருந்தால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும், எப்படிச் சொல்வது என்பதில் மையத்தின் ஆலோசகர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலை புறநோயாளிப் பிரிவுக்குப் போய்ச் சீட்டு எடுங்கள், அந்த டியூப்பை மறக்காமல் கொண்டு போங்கள்.